சுயேச்சைக்குப் போட்ட புள்ளடி எங்கே போகிறது?

தேர்தல் வந்தால் நம் வன்னியில் நெடுங்கேணியிலும் சரி, மாங்குளம் சந்தியிலும் சரி, அடம்பனிலும் சரி, ஒரே கேள்விதான் காதில் விழும். "நல்ல பெடியன்தான் கேக்கிறான், கட்சி ஒண்டும் இல்லை. அவனுக்குப் போட்டா வாக்கு வீணாப் போகாதோ?" பெரும்பாலும் இதற்கு உணர்ச்சியைத்தான் பதிலாகக் கொடுக்கிறோம். "மாற்றம் வேண்டும், துணிந்து போடுங்கள்" என்று ஒரு பக்கம். "வாக்கைச் சிதறடிக்காதீர்கள், இனத்தின் பலம் போய்விடும்" என்று மறுபக்கம். இரண்டிலும் கணக்கு இல்லை. எந்தத் தேர்தல், எந்த முறையில் எண்ணுகிறார்கள் என்று தெரியாமல், வாக்கு வீணா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முதன்முறை வாக்களிக்கப் போகிறவர்களையும், நாலைந்து தடவை போட்டும் எண்ணும் முறையைப் பற்றி யோசிக்காதவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இரு கட்சி முறை. ஒரு நாட்டில் இருபது கட்சிகள் பதிவாகியிருக்கலாம். ஆனால் ஆட்சி மாறி மாறி இரண்டு கட்சிகளின் கைக்குத்தான் போகிறது என்றால் அதை இரு கட்சி முறை என்கிறோம். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும். நம் நாட்டில் நெடுங்காலம் யானையும் கையும், அதாவது ஐக்கிய தேசியக் கட்சியும் சிறிலங்கா சுதந்திரக் கட்சியும். மற்றவர்கள் இந்த இரண்டில் ஒன்றின் நிழலில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டும். இரண்டு கட்சியும் பிடிக்காதவர் என்ன செய்வது என்ற இடத்தில்தான் சுயேச்சை வேட்பாளர் வருகிறார்.

இந்த முறை எப்படி உருவாகிறது? மக்களுக்கு இரண்டு கட்சிதான் பிடிக்கும் என்பதனால் இல்லை. எண்ணும் முறை அவர்களை அங்கே தள்ளுகிறது. ஒரு தொகுதிக்கு ஒரே ஆசனம், கூட வாக்கு எடுத்தவர் வென்றார் என்ற விதி இருக்கும் இடத்தில், மூன்றாவதாக வருபவருக்குக் கிடைத்த வாக்குக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. அதைப் பார்த்த வாக்காளர் அடுத்த முறை, பிடித்தவரை விட்டுவிட்டு, பிடிக்காதவரைத் தோற்கடிக்கக்கூடிய ஆளுக்குப் போடுவார். நாலு தேர்தலில் களத்தில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். பிரான்ஸ் நாட்டு அரசியல் அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1950களில் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். விதிவிலக்குகள் உண்டு என்றாலும் பொதுவாக நடப்பது அதுதான்.

அமெரிக்காவில் 1992 ஜனாதிபதித் தேர்தலில் ரொஸ் பெரோ என்ற செல்வந்தர் சுயேச்சையாகக் கேட்டார். நூற்றுக்குப் பத்தொன்பது பேர் அவருக்கு வாக்களித்தார்கள். ஆனால் அங்கே ஜனாதிபதியைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள். அநேகமாக எல்லா மாநிலத்திலும் முதலாவதாக வந்தவருக்கே அவை முழுதாகப் போகும். அதில் அவருக்குக் கிடைத்தது பூச்சியம். 2000ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் பசுமைக் கட்சி சார்பில் நின்றபோது புளோரிடா மாநிலத்தில் 97,000க்கு மேல் வாக்கு எடுத்தார். அந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் புஷ் வென்றது 537 வாக்கால். நேடரால்தான் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் தோற்றார் என்று இன்றைக்கும் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "வாக்கைச் சிதறடிக்காதே" என்ற பேச்சு அப்படிப்பட்ட முறையில் முளைத்த பேச்சு. அங்கே அதற்கு நியாயம் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில்தான் சிக்கல்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் அதே முறைதான் இருந்தது. 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 51 அளவில் வாக்கு எடுத்து 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு நூற்றுக்கு 30 அளவில் வாக்கு, ஆசனம் எட்டே எட்டு. வடக்குக் கிழக்கில் மட்டும் கேட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனத்துடன் பிரதான எதிர்க்கட்சி ஆனது.

அந்தப் பழைய முறையில் சுயேச்சைகளுக்கு இடமே இருந்திருக்காது என்று நினைத்தால், வன்னியின் கதை வேறு. 1947இல், சுதந்திரத்துக்கு முந்திய பொதுத்தேர்தலில், 95 தொகுதிகளில் 21 பேர் சுயேச்சையாக வென்றார்கள். வவுனியாத் தொகுதியில் செல்லப்பா சுந்தரலிங்கம், மன்னார்த் தொகுதியில் கதிரவேலு சிற்றம்பலம். இருவருமே சுயேச்சைகள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அப்போது தனித் தொகுதிகளாகப் பிரிக்கப்படவில்லை. கட்சிகள் ஊருக்குள் வேர்விடாத காலம் அது. ஆளைப் பார்த்து, குடும்பத்தைப் பார்த்து, படிப்பைப் பார்த்துப் போட்டார்கள். சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர்.

டி. எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது 42 ஆசனங்கள்தான். பெரும்பான்மை இல்லை. ஆகவே சுயேச்சைகளின் தயவு தேவைப்பட்டது. சுந்தரலிங்கம் வர்த்தக வாணிப அமைச்சரானார், சிற்றம்பலம் தபால் தொலைத்தொடர்பு அமைச்சரானார். ஒரு தனி ஆளுக்குச் சபையில் எப்போது பெறுமதி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெரிய கட்சிக்கு நாலைந்து கை குறையும்போது சுயேச்சையின் கை பொன்னாகும். 2024இல் அமைந்ததைப் போல ஒரே கட்சியிடம் 225இல் 159 பேர் இருந்தால் அவருடைய கைக்கு விலை இல்லை, வாய்க்கு மட்டும்தான் வேலை.

அந்தக் கதையில் அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தது. மலையகத் தமிழரின் தலையெழுத்தை மாற்றிய சட்டங்களில் ஒன்று. சுந்தரலிங்கம் சபையை விட்டு வெளிநடப்புச் செய்தார். பிரதமர் விளக்கம் கேட்டார். இவர் அமைச்சுப் பதவியைத் துறந்தார். சிற்றம்பலம் அமைச்சரவையிலேயே இருந்தார். இரண்டு பேரும் சுயேச்சை. பக்கத்துப் பக்கத்துத் தொகுதி. ஒரே சபை. ஆனால் முடிவு வேறு. வவுனியா மக்கள் 1952இலும் 1956இலும் சுந்தரலிங்கத்தையே மறுபடி அனுப்பினார்கள். பின்னாளில் அவர் எடுத்த எல்லா நிலைப்பாட்டையும் மெச்ச எனக்கு மனம் இல்லை, அது வேறு விடயம். சுயேச்சை என்பது ஒருவருக்குக் கட்சி இல்லை என்பதை மட்டும் சொல்கிறது. முள்ளந்தண்டு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அந்தச் சட்டம் தொட்ட மலையகக் குடும்பங்களில் எத்தனையோ பின்னர் கலவரங்களில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. வன்னியில் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வாக்காளர்கள்.

1978 அரசியலமைப்போடு கணக்கு மாறியது. தொகுதிக்கு ஒருவர் என்பதை விட்டு, எடுத்த வாக்கின் பங்குக்கு ஏற்ப ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்தது. இப்போதைய பாராளுமன்றத்தில் 225 பேர். அதில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், மிச்சம் 29 பேர் தேசியப் பட்டியல், அதாவது நாடு முழுவதும் எடுத்த வாக்கின் பங்குக்கு ஏற்பக் கிடைக்கும் ஆசனங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம். இதற்கு ஆறு ஆசனம். கிளிநொச்சி நிலத்தால் வன்னி, தேர்தலுக்கு யாழ்ப்பாணம். இதனால் கிளிநொச்சிக்காரர் படும் சங்கடம் தனிக் கட்டுரைக்கு உரியது.

இந்த முறையில் தனி ஆளாக நின்று பாராளுமன்றத்துக்குக் கேட்க முடியாது. சுயேச்சைக் குழுவாகத்தான் கேட்க வேண்டும். ஆசன எண்ணிக்கையோடு மூன்றைக் கூட்டி, வன்னியில் ஒன்பது பேர் கொண்ட பட்டியல். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குக் கட்டுப்பணம் இல்லை. சுயேச்சைக் குழு ஆளுக்கு 2,000 ரூபா கட்ட வேண்டும், ஒன்பது பேருக்கு 18,000. இன்றைய விலைவாசியில் இது பெரிய காசு இல்லை. அதனால்தான் பட்டியல்கள் மழைக்காலப் புற்றீசல் மாதிரிப் புறப்படுகின்றன.

இனி எண்ணும் முறை. 2024 நவம்பர் 14 தேர்தலை எடுத்துக்கொள்வோம். வன்னியில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 96,000 செல்லுபடியான வாக்குகள். தேசிய மக்கள் சக்திக்குக் கிட்டத்தட்ட 40,000. ஐக்கிய மக்கள் சக்திக்கு 32,000. தமிழரசுக் கட்சிக்கு 30,000. சங்குச் சின்னத்தில் கேட்ட ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணிக்கு 21,000. கங்காருச் சின்னத்தில் கேட்ட தொழிற் கட்சிக்கு 18,000. கணக்குப் பார்க்க வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

முதல் வேலை, மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். அது தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மிச்சம் ஐந்து. அடுத்து, நூற்றுக்கு ஐந்து வீதத்துக்குக் குறைவாக எடுத்த எல்லாப் பட்டியலையும் கழித்துவிடுவார்கள். வன்னியில் அந்தக் கோடு 9,800 வாக்கு அளவில் நின்றது. அதைத் தாண்டிய இந்த ஐந்து பட்டியலின் வாக்கையும் கூட்டினால் 141,000. ஐந்து ஆசனத்தால் வகுத்தால் ஒரு ஆசனத்தின் விலை 28,200. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர். தேசிய மக்கள் சக்தி, ஐக்கிய மக்கள் சக்தி, தமிழரசு. ஆளுக்கு ஒன்று. இன்னும் இரண்டு ஆசனம் மிச்சம். இப்போது மீதி வாக்கைப் பார்ப்பார்கள். தேசிய மக்கள் சக்தியிடம் மீதி 11,800, மற்ற இரண்டிடமும் சில ஆயிரம். முழு விலையையும் கொடுக்க முடியாத சங்கிடம் 21,000, கங்காருவிடம் 18,000 அப்படியே கிடக்கிறது. இரண்டு ஆசனமும் அவர்களுக்கு.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். 40,000 எடுத்தவருக்கு இரண்டு, 18,000 எடுத்தவருக்கு ஒன்று. கடைசி ஆசனத்துக்குத் தேவைப்பட்டது முதலாவதாக வருவது இல்லை, இரண்டாவதாக வருவதும் இல்லை. தேசிய மக்கள் சக்தியின் மீதியாக நின்ற பன்னீராயிரத்தைத் தாண்டுவதுதான். ஒரு சுயேச்சைக் குழு வன்னி முழுவதிலும் ஒரு பதினெட்டு, பத்தொன்பதாயிரம் வாக்கைச் சேர்த்திருந்தால் கங்காருவின் இடத்தில் அதுதான் இருந்திருக்கும். அமெரிக்காவில் நூற்றுக்குப் பத்தொன்பது எடுத்தவருக்குப் பூச்சியம், நம்மிடம் நூற்றுக்கு ஒன்பது எடுத்தவருக்கு ஆசனம். ஆகவே பாராளுமன்றத் தேர்தலில் "சுயேச்சைக்குப் போட்டால் வீண்" என்பது பொதுவிதியாகச் சரியில்லை.

இந்த ஐந்து வீதக் கோடு முன்பு பன்னிரண்டரையாக இருந்தது. 1988இல் 15ஆவது திருத்தம்தான் ஐந்துக்கு இறக்கியது. முஸ்லிம் காங்கிரசின் தலைவர் அஷ்ரப், அப்போதைய பிரதமர் பிரேமதாசவிடம் கேட்டு வாங்கியது என்று சொல்வார்கள். பழைய கோடு இருந்திருந்தால் சங்கும் கங்காருவும் 2024இல் வெளியே நின்றிருக்கும். சிறிய ஆட்களின் உயிர் இப்படிப்பட்ட ஒரு எண்ணில் தொங்குகிறது. தேர்தல் முறையை மாற்றப் போகிறோம் என்று யாராவது பேசினால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

அதே 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இது நடந்தும் காட்டியது. சுயேச்சைக் குழு 17 கிட்டத்தட்ட 28,000 வாக்கு எடுத்து ஒரு ஆசனம் பெற்றது. குழுத் தலைவர் வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா. சில மாதங்களுக்கு முன்பு சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரத்தில் முகநூல் நேரலைகளால் ஊரெல்லாம் அறியப்பட்டவர். கிளிநொச்சி வாக்குகளும் அந்த வெற்றியில் சேர்ந்தவை. அவரைத் தலையில் வைத்து ஆடுபவர்களும் உண்டு, ஏன் போட்டோம் என்று கையைப் பிசைபவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வரவில்லை. அந்தப் பதினேழாம் இலக்கத்துக்கு முன்னும் பின்னும் இருந்த சுயேச்சைக் குழுக்கள் என்ன ஆயின என்பதுதான் என் கேள்வி. ஒன்றுக்கும் ஆசனம் இல்லை.

வன்னியிலும் அதே நிலை. நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள், அதில் பாதி அளவு சுயேச்சை. மேலே சொன்ன ஐந்து பட்டியலுக்கும் போகாத வாக்குகள் மொத்தம் ஐம்பதாயிரத்துக்கு மேல். முதலிடம் வந்த கட்சி எடுத்ததைவிடக் கூட. அந்த ஐம்பதாயிரம்தான் உண்மையில் காற்றில் போன வாக்கு. சுயேச்சைக்குப் போட்டதால் போகவில்லை. கோட்டைத் தாண்டாத சின்னக் கட்சிகளுக்கும் இருபது சுயேச்சைக்கும் பிரித்துப் போட்டதால் போனது. ஒரு ஊர் ஆசிரியர் ஒரு பட்டியல், பக்கத்து ஊர் விளையாட்டுக் கழகத் தலைவர் ஒரு பட்டியல், கட்சியில் இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்தவர் ஒரு பட்டியல். எல்லாரும் நல்லவர்களாக இருக்கலாம், எல்லாருக்கும் ஆயிரத்துச் சொச்சம் வாக்கு. என்னைக் கேட்டால், சுயேச்சை ஒருவருக்கு ஆதரவு தர நினைக்கிறவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வேட்புமனுவுக்கு முன்பே அவரைப் பக்கத்து ஊர்ச் சுயேச்சையோடு ஒரே பாயில் உட்காரவைப்பது. அது துண்டுப்பிரசுரம் கொடுப்பதைவிடக் கடினமான வேலை. "ஏன் நான் அவருக்குக் கீழே?" என்ற கேள்வியில் வன்னியில் எத்தனையோ நல்ல முயற்சிகள் படுத்திருக்கின்றன.

எல்லாச் சுயேச்சையும் சுயேச்சையும் இல்லை. பெரிய கட்சி ஒன்று பின்னால் நின்று, எதிராளியின் வாக்கைப் பிரிக்கவும், வாக்கெண்ணும் நிலையத்தில் கூடுதல் முகவர்களை வைத்துக்கொள்ளவும் இறக்கும் குழுக்கள் பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு அடிபடும். இன்னொரு வகை, வேளைக்கு ஏற்ப வேடம் போடுவது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ரணில் விக்கிரமசிங்கவே சுயேச்சையாகத்தான் கேட்டார். மூன்றாவது வகை, பின்னால் கட்டுக்கோப்பான இயக்கம் இருப்பது. 1989இல் ஈரோஸ் என்ற தமிழ் இயக்கம் ஆதரித்த சுயேச்சைகள் 13 ஆசனம் பெற்றது அப்படித்தான். பெயரில் சுயேச்சை என்று இருப்பதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவோம்.

சின்னம் ஒரு பெரிய தலையிடி. கட்சிச் சின்னங்களான வீடும் சைக்கிளும் வன்னியில் படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும். சுயேச்சைக் குழுவுக்குச் சின்னமும் இலக்கமும் வேட்புமனு முடிந்த பிறகுதான் தெரியவரும். 2024இல் வேட்புமனு ஒக்டோபர் 11இல் முடிந்தது, வாக்களிப்பு நவம்பர் 14. ஐந்து கிழமைக்குள், பெரும்போக விதைப்பும் மழையும் சேர்ந்த நேரத்தில், முசலியிலிருந்து கொக்கிளாய் வரை ஒரு புதுப் படத்தை மனதில் பதிய வைக்க வேண்டும். வாக்குச்சீட்டிலோ கட்சிகள் மேலே, சுயேச்சைகள் கீழே வரிசையாக இலக்கத்தோடு. மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டினால் வயதானவர்கள் விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போய், பாதியில் களைத்து, "தம்பி, எங்கட ஆளின்ர படம் எங்க கிடக்கு?" என்பார்கள். அந்த விரலைப் பிடித்துச் சரியான கட்டத்தில் கொண்டுபோய் வைக்கும் பொறுமைதான் சுயேச்சைப் பிரசாரத்தின் முக்கால் பங்கு. குழுவுக்குப் புள்ளடி போடாமல் விருப்பு இலக்கங்களை மட்டும் வெட்டிவிட்டு வந்தால் அந்த வாக்கு செல்லாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதலில் குழு, பிறகு விரும்பினால் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கு.

இவ்வளவு பாடுபட்டுப் பதியவைத்த சின்னமும் சுயேச்சைக்குச் சொந்தம் இல்லை. 2024 செப்டெம்பரில் தமிழ்ப் பொது வேட்பாளராக பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் கேட்டார். வடக்குக் கிழக்கெங்கும் சங்கு பதிந்தது. இரண்டு மாதத்தில் அதே சங்கு ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் பாராளுமன்றச் சின்னமாக வந்து நின்றது. பொது வேட்பாளருக்காக உழைத்த சிவில் அமைப்புக்காரர் சிலருக்கு அது கசந்தது. ஆனால் விதிப்படி அதில் தவறில்லை.

ஜனாதிபதித் தேர்தலின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே சுயேச்சையாக நிற்க எல்லாராலும் முடியாது. தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும் அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். அரியநேத்திரன் முன்னாள் மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் என்பதால் முடிந்தது. அவருக்கு நாடு முழுவதும் 226,343 வாக்குகள், ஐந்தாவது இடம். இந்தத் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பத்தை வரிசையிட முடியும். ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பம் அந்த இருவரில் யாருக்கு என்று பார்ப்பார்கள். 2024இல் முதல் முறையாக அப்படி எண்ண வேண்டி வந்தது, அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42 வீதத்தில் நின்றதால். ஆகவே மனதுக்குப் பிடித்த சுயேச்சைக்கு 1 போட்டு, வெல்லக்கூடியவர்களில் பரவாயில்லாதவருக்கு 2 போட்டால் இரண்டு காரியமும் நடக்கும். ஆனால் மக்கள் பெரும்பாலும் பழைய பழக்கத்தில் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். வேட்பாளர்களும் "எனக்கு மட்டும் போடுங்கள்" என்றார்களே ஒழிய இரண்டாவது இலக்கத்தைச் சொல்லித்தரவில்லை.

சுயேச்சையைத் தொடங்க நல்ல இடம் எது என்று கேட்டால் நான் பிரதேச சபையைத்தான் காட்டுவேன். உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறை. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்தில் நேரே வென்று வருவார்கள், 40 வீதம் பட்டியலில். கட்டுப்பணம் சுயேச்சைக்கு ஆளுக்கு 5,000 ரூபா, கட்சிக்கு 1,500. இங்கேயும் சட்டம் கட்சியின் பக்கம்தான் சாய்கிறது. இருந்தாலும் வட்டாரம் சின்னது. வேட்பாளரின் படலை எது, கடன் எவ்வளவு, தாய் தகப்பனை எப்படிப் பார்க்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். சில நூறு வாக்கு முடிவை மாற்றும். சந்தைக் குத்தகை, குப்பை, ஊர் வீதி, தெருவிளக்கு, சுடலைப் பாதை என்று வேலையும் கண்முன்னே தெரியும். செய்தாரா இல்லையா என்று அளப்பதற்கு ஊடகம் தேவையில்லை. அமெரிக்காவின் பேர்னி சாண்டர்ஸ் இன்று உலகறிந்த சுயேச்சை செனட்டர். அவர் 1981இல் பேர்லிங்டன் என்ற சிறு நகரத்தின் மேயராகத்தான் தொடங்கினார், பத்தே பத்து வாக்கு வித்தியாசத்தில். அந்த இரு கட்சி முறையின் கோட்டைச் சுவரில் அவருக்குக் கிடைத்த ஓட்டை ஒரு நகரசபைதான். பிறகு ஜனாதிபதி ஆசை வந்தபோது அவரும் ஜனநாயகக் கட்சியின் வாசலில்தான் போய்நின்றார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆள் தேடும் முறையில் அவுஸ்திரேலியாவில் பார்க்க ஒன்று உண்டு. விக்டோரியா மாநிலத்தில் இன்டி என்ற நாட்டுப்புறத் தொகுதி. ஊரவர்கள் சிலர் வேட்பாளரைத் தேடுவதற்கு முன்னமே வீட்டு வீடாக, சமையலறை மேசையைச் சுற்றி, இந்தத் தொகுதிக்கு என்ன வேண்டும் என்று பேசிக் குறித்துவைத்தார்கள். பிறகுதான் கத்தி மெக்கோவனை நிறுத்தினார்கள். 2013இல் அவர் 439 வாக்கால் வென்றார். 2019இல் அவர் ஒதுங்கியபோது ஹெலன் ஹெய்ன்ஸ் என்ற இன்னொரு சுயேச்சை அதே ஆசனத்தைப் பிடித்தார். ஆள் போனாலும் அமைப்பு நின்றது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் ஆள் வருவார், பிறகு கொள்கை எழுதுவோம், தோற்றால் கலைந்துபோவோம். வன்னியில் சமையலறை மேசை இல்லாவிட்டால் என்ன, கமக்காரர் அமைப்பு இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, மீனவர் சங்கம் இருக்கிறது, கோயில் மண்டபமும் பள்ளிவாசல் முற்றமும் இருக்கின்றன. நெல்லுக்கு நிர்ணய விலை, யானை வேலி, படையினர் பிடித்து வைத்திருக்கும் காணி, முல்லைத்தீவுக் கரையின் தொழில் தகராறு, மன்னார்த் தீவின் காற்றாலையும் கனிய மணலும். இவற்றில் எதற்கு எந்த நிலைப்பாடு என்பதை ஆளைப் பிடிக்க முன்பே எழுதிவைக்கலாம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாக்களிக்கும் மாவட்டம் இது. அந்தப் பேச்சில் ஒரு பகுதியினர் மட்டும் இருந்தால் பதினெட்டாயிரம் கிடைக்காது.

ஒன்பது பேரின் பட்டியலையும் முழுதாக வாசியுங்கள். தலைவர் மட்டும் தெரிந்த முகம், மிச்சம் எட்டும் அவருடைய மச்சானும் சாரதியும் என்றால் அது குழு இல்லை. ஆசனம் இடையில் வெறுமையானால் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர்தான் உள்ளே போவார். இரண்டாவது பெயரும் நாளைய உறுப்பினர்தான். கட்சி உறுப்பினர் ஒருவர் கட்சிக்கு மாறாக நடந்தால் கட்சி அவரை நீக்கி ஆசனத்தைப் பறிக்க முடியும். சுயேச்சைக் குழுவின் தலைவர் தனக்குத் தானே தலைவர். அவரை இழுத்துப் பிடிக்கக் கயிறு இல்லை. அதற்காகத்தான் ஆதரவு தருகிறோம், பயப்பட வேண்டியதும் அதற்காகத்தான். எந்த வாக்கெடுப்பில் எப்படிக் கை உயர்த்துவார், அரசில் சேரச் சொன்னால் யாரைக் கேட்டு முடிவெடுப்பார் என்பதை வேட்புமனுவுக்கு முன்னமே ஊர்க்கூட்டத்தில் வாய்திறந்து சொல்லவைக்க வேண்டும்.

காசு விடயம் கடைசியாக. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி செலவுக்கு உச்சவரம்பு உண்டு. முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் குழுத் தலைவரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். பெயர் தெரியாதவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் உறவினர் கைக்கு வந்து, அங்கிருந்து வேட்பாளரின் பைக்குள் போகும் காசுக்குச் சிட்டை எழுதும் பழக்கம் நம்மிடம் இல்லை. சுயேச்சைக் குழுவில் சம்பளத்துக்குக் கணக்காளர் இருக்கமாட்டார். ஊரில் புத்தகம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஒருவரை முதல் நாளிலேயே பிடித்து உட்காரவைத்து, பனர் அடித்த காசு, ஓட்டோ வாடகை, கூட்டத்துக்குக் கொடுத்த தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்கிக் கோவையில் போடச் சொல்லுங்கள். வாக்களிப்பு நிலையங்களில் உட்கார முகவர்களும் தேவை. வன்னி முழுவதுக்கும் ஆள் போடக் கட்சிகளே திணறும். ஒரு சுயேச்சைக்கு உங்களால் காசு கொடுக்க முடியாவிட்டால், அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாக்களிப்பு நிலையத்தில் அவருடைய முகவராக விடியற்காலையிலிருந்து பெட்டிக்கு முத்திரை வைக்கும்வரை இருங்கள். கையில் முகவர் நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும்.